ஞாயிற்றுக்கிழமை மைக் வைக்க மாட்டேன்

ஆண்டோ,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாயே, அந்தக் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. நீ எடுத்தாலும் எனக்குக் கேட்காது. விஷயமே அதுதான். எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறதடா. வலது காது போயே போய்விட்டது. இடது காது போகிற வழியில் இருக்கிறது. அதற்குள் நீயும் உன் தங்கையும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசிப்பதை நான் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். இந்தக் கடிதம் முழுக்க அதைத்தான் கேட்கப்போகிறேன், சுற்றிச் சுற்றி. வாட்ஸ்அப்பில் எழுதி எழுதி அழித்துப் பார்த்தேன். கடைசியில் உங்கள் பேண்டின் இணையப் பக்கத்திலேயே, எல்லாரும் பார்க்கிற இடத்தில் போட்டுவிடலாம் என்று தோன்றியது. உன் தங்கை ஜெனியிடம் இன்னும் அதன் பாஸ்வேர்ட் இருக்கிறது. அவளைப் பாட்டிலிருந்து எடுத்த நீ, பக்கத்திலிருந்து எடுக்க மறந்துவிட்டாய். "வீட்டு விஷயத்த எதுக்கு ஊருக்குச் சொல்ற?" என்று உன் டாடி கத்தினார். என்னிடம் இப்போது எல்லாரும் கத்தித்தான் பேசுகிறார்கள். ஊர் முன்னால் உன்னைத் திட்டியவள் ஊர் முன்னால் கூப்பிடுவதுதான் முறை என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

நீ அறிந்ததையே சில இடங்களில் சொல்வேன், பொறுத்துக்கொள். இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியும், என்னைத் தெரியாது. நான் தி.நகரில் ஒரு ஸ்டூடியோவில் சவுண்ட் இன்ஜினியராக இருந்தவள். பிறகு சாந்தோமில் நம் வீட்டு மாடி அறையைச் சின்ன ஸ்டூடியோவாக்கி, கோயில் பாடகர் குழுவிலிருந்து காலேஜ் பசங்களின் பேண்டுவரை யார் வந்தாலும் பதிவு செய்து கொடுத்தவள். ஒரு பேண்டைப் பதிவு செய்ய என்னென்ன வழி உண்டோ அத்தனையும் செய்து பார்த்திருக்கிறேன். எல்லாரையும் ஒரே ஹாலில் உட்காரவைத்து ஒரே மூச்சில் எடுப்பது ஒன்று. ஒருவர் தப்பினால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். ட்ரம்ஸ் சத்தம் பாடுகிறவர் மைக்கில் விழும், பாட்டுச் சத்தம் கிடார் மைக்கில் விழும். இதை நாங்கள் லீக் என்போம். அப்படி விழுந்துவிட்டால் பிறகு ஒருவரை மட்டும் சுத்தமாகப் பிய்த்தெடுக்க முடியாது. ஆளுக்கொரு கண்ணாடி அறையில் நிற்கவைத்து, ஹெட்போனில் கேட்டபடி, கண்ணாடி வழியே முகத்தைப் பார்த்தபடி சேர்ந்து வாசிக்கச் சொல்வது இன்னொன்று. அதற்கும் அடுத்ததில் சேர்ந்து வாசிப்பதே இல்லை. முதலில் ட்ரம்ஸ், அதன் மேல் பேஸ், அதன் மேல் கிடார், கடைசியில் குரல். ஒவ்வொருவர் காதிலும் க்ளிக் க்ளிக் என்று ஒரு தாளம் ஓடும், யாரும் அதைவிட்டு நகரக் கூடாது. இப்போது நீங்கள் செய்வதில் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். உன் நண்பன் இம்ரான் பெருங்குடியில் ஆபீஸ் முடிந்து பேஸ் கிடார் வாசித்து அனுப்புகிறான், நீ வேளச்சேரியில் சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டிய அறையில் உட்கார்ந்து அதை எடுத்துப் பொருத்துகிறாய்.

பழைய வழிதான் உசத்தி என்று புலம்ப வரவில்லை. ஒரே ஹாலில் எடுத்த காலத்தில், சத்தம் மைக்கில் விழும் என்று ஏசியை அணைத்துவிட்டுத்தான் டேக் போவோம், அதாவது ஒரு முழு வாசிப்பை எடுப்போம். வேர்த்துக் கொட்டும், ஆளுக்கு ஆள் முறைத்துக்கொள்வார்கள், ஒரு வயலின்காரரும் தபேலாக்காரரும் காலர் பிடித்ததை நான் நடுவில் நின்று விலக்கியிருக்கிறேன். தனித்தனியாக எடுக்கும் வசதி வந்தபோது அப்பாடா என்று இருந்தது. உங்கள் இரண்டு பேரையும் அதில் வந்த காசில்தான் படிக்கவைத்தேன். உன் க்ளிக்கோடு எனக்கு ஒரு சண்டையும் கிடையாது.

போன மழையில் வேளச்சேரியில் உன் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே, அந்த வாரத்தை நினைத்துப் பார். கம்ப்யூட்டரைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, கிடாரைத் தலைமேல் வைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்து நின்றாய். ஜெனி கதவைத் திறந்துவிட்டு, "யாரும்மா இது, கரை ஒதுங்கியிருக்கு?" என்று என்னைக் கூப்பிட்டாள். அவள் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். அடையாறில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், உங்கள் பேண்டில் ட்ரம்ஸ். ராயப்பேட்டையிலிருந்து இம்ரான் முட்டிவரை பேண்ட்டை மடித்துக்கொண்டு நடந்தே வந்துவிட்டான், அவன் பைக் தண்ணீருக்குள் நின்றது. "சும்மாதானே இருக்கோம் மம்மி, ரொம்ப நாளா இழுத்துட்டிருக்கிற அந்தப் பாட்ட எடுத்துடலாமா?" என்று நீதான் கேட்டாய். கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. மெத்தையைக் குறுக்கே நிறுத்தி ட்ரம்ஸ் சத்தத்தை மறைக்கட்டுமா என்று கேட்டாய். வேண்டாம், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து வாசியுங்கள் என்றேன். க்ளிக் இல்லை. ஜெனி குச்சியைத் தட்டினாள், நீங்கள் உள்ளே போனீர்கள்.

சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது அவள் கொஞ்சம் வேகமெடுப்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், நடையும் அப்படி, சாப்பாடும் அப்படி. அன்றைக்கும் ஓடினாள். ஒரு டேக் முடிந்ததும் இம்ரான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, அவ ஓடிக்கினே கீறா, நாங்க பின்னாடியே தொரத்திக்கினு போறோம். லாஸ்ட் ட்ரெயினப் புடிக்கணுமா அவளுக்கு?" என்றான். "புடிக்க முடியலன்னா நடந்து வா" என்றாள் அவள். நீ சிரித்துக்கொண்டே, இன்னொன்று போகலாம் என்றாய். அந்த இன்னொன்றில்தான் நீ அப்படிப் பாடினாய். அவள் ஓட ஓட மூச்சு முட்டி, கடைசிப் பல்லவியில் உன் குரல் லேசாக உடைந்து, அதையும் இழுத்துக்கொண்டு ஓடினாய். பெற்றவள் என்பதால் சொல்லவில்லை. ஹெட்போனைக் கழற்ற எனக்கு மனமே வரவில்லை. முடிந்த பிறகும் நீங்கள் யாரும் அசையவில்லை. சிம்பல் தட்டின் ரீங்காரம் மெல்ல மெல்ல அடங்கியது, அதற்கு அடியில் மழைச் சத்தம். அதன் பிறகு நான் எந்தச் சிம்பலையும் கேட்கவில்லை. அப்போது அது தெரியாது.

தண்ணீர் வடிந்ததும் நீ அந்த டேக்கை எடுத்துக்கொண்டு போனாய். பாட்டு வெளியாகும் அன்று அடையாறில் அந்தக் கஃபேக்கு எங்களை வரச் சொன்னாய். நண்பர்களெல்லாம் கூடியிருந்தார்கள். பெரிய ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டாய். எனக்கு எல்லாம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது, ஸ்பீக்கர் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் தாளம் கல்லு மாதிரி நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த ஜெனியின் தொடையில் தட்டி, "சூப்பர்டி! இன்னைக்குத்தான் ஓடாம நின்னு அடிச்சிருக்க!" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். என்ன என்றேன். மறுபடி சொன்னாள். சத்தத்தில் கேட்கவில்லை என்று கையால் காட்டினேன். போனை எடுத்துத் தட்டச்சு செய்து என் முன்னால் நீட்டினாள். "அது நான் இல்ல மம்மி. மெஷின்."

ட்ரம்ஸை அடிப்பது மனிதக் கையா மெஷினா என்று கண்டுபிடிப்பது எனக்கு ஒரு வேலையா? ஆயுசு பூராவும் அதைத்தானே செய்தேன். சிம்பலைக் கேட்டால் போதும், ஸ்நேர் ட்ரம்மில் குச்சி விழும் முனையைக் கேட்டால் போதும், கை தெரிந்துவிடும். அந்த இடம்தான் எனக்குக் கேட்கவே இல்லை. கேட்கவில்லை என்பதும் தெரியவில்லை. பெற்ற மகளிடம் போய், நீ இல்லாத இடத்தில் நீ நன்றாக இருக்கிறாய் என்று தட்டிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நீ அவளை எடுத்ததைக்கூட அவள் தாங்கியிருப்பாள். நான் பாராட்டியதைத்தான் தாங்கவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த ஆத்திரத்தில்தான் உன்னிடம் வந்தேன். நீ கல்லாப் பக்கம் நின்று யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாய். உன் காதோரம் குனிந்து, உனக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் பேசினேன். ஆண்டவர் சாட்சியாக அப்படித்தான் நினைத்தேன். "உன் தங்கச்சிய அழிச்சிட்டு அவ முன்னாடியே போட்டுக் காட்டறியே, வெக்கமா இல்ல? இதுக்காடா உனக்குக் கத்துக்கொடுத்தேன்?" கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு பெண் போனைத் தூக்கி வீடியோ எடுத்தாள். உன் முகம் எப்படிச் சிவந்தது என்று எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பிறகு இம்ரான்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஆன்ட்டி, நீங்க பேசினது ரோட்டுக்கே கேட்டுச்சு." என் குரலின் சத்தம் எனக்கே தெரியவில்லையடா. நீ வெளியே போவதற்கு முன்னால் என் முகத்துக்கு நேராக ஏதோ சொன்னாய். உதடு அசைந்தது, அவ்வளவுதான். என்ன சொன்னாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜெனியைக் கேட்டால், "விடு மம்மி" என்று எழுதிக் காட்டுகிறாள்.

மயிலாப்பூரில் காது டாக்டரிடம் உன் டாடி இழுத்துக்கொண்டு போனார். அங்கே சத்தம் புகாத ஒரு சின்ன அறை. கதவைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நம் வீட்டு மாடிக்கதவு மாதிரியே ஓரத்தில் ரப்பர் வைத்தது. இத்தனை வருஷம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவளை அந்தப் பக்கம் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். "சத்தம் கேட்டா பட்டன அழுத்துங்கம்மா" என்றாள் அங்கே இருந்த பெண். சரி என்று பட்டனில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நான்கைந்து தடவை அழுத்தியிருப்பேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் வந்து கதவைத் திறந்து, "முடிஞ்சிடுச்சும்மா, வாங்க" என்றாள்.

டாக்டர் நல்ல மனுஷன், எழுதி எழுதிக் காட்டினார். மேல்ஸ்தாயி முதலில் போகுமாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குமாம். காதில் மெஷின் வைத்தால் பேச்சு ஓரளவு புரியும், பாட்டு பாட்டாக இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எப்போது முழுக்கப் போகும் என்று கேட்டேன். கையை விரித்தார். அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரிதான் இருக்கிறது. காலையில் எழுந்ததும் இடது காதோரம் விரலைச் சொடுக்கிப் பார்க்கிறேன். கோயில் மணி அடிக்கும் நேரத்துக்கு முன்பே வாசலில் போய் நிற்கிறேன், அடித்துவிட்டதா இல்லையா என்று தெருவில் போகிறவர்களின் முகத்தைப் பார்க்கிறேன். சவுண்டைக் குறை, சவுண்டைக் குறை என்று உன் டாடியை ஆயுசுக்கும் விரட்டியவள் நான். இப்போது நான் வைக்கிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கதவை இடிக்கிறாராம், அதுவும் எனக்குக் கேட்பதில்லை. மாதாவிடம் பேரம்கூடப் பேசினேன். பேச்சை எடுத்துக்கொள், திட்டை எடுத்துக்கொள், போன் மணியை எடுத்துக்கொள், இது ஒன்றை மட்டும் கொஞ்ச நாள் விட்டுவை என்று முட்டிபோட்டு அழுதேன். வெட்கமாகத்தான் இருக்கிறது எழுத. ஆனால் வெட்கம் பார்க்கிற நிலைமையில் நான் இல்லை.

ஜெனி ட்ரம்ஸ்மேல் பெட்ஷீட்டைப் போட்டு மூடிவிட்டாள். பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள், நோட்டு திருத்துகிறாள். ஒரு மத்தியானம் மாடிக்குப் போனேன், அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உன் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, புண்ணைப் போய்க் கிளறுவானேன் என்று. அவள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதிக் காட்டினாள். "அவன் வாய்ஸ் மட்டும் அன்னைக்குப் பாடினதுதான் மம்மி. அவன் மூச்சு விடற கேப்ல என் ஸ்நேர் கேக்குது. லேசா. மெஷினுக்கு ஒரு மயிரிழை முன்னாடி."

எனக்குக் கேட்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியும், அப்படித்தான் இருக்கும். உன்னால் அவள் ட்ரம்ஸ் ட்ராக்கைத்தான் அணைக்க முடிந்தது. ஸ்பாஞ்ச் ஒட்டிய அறையில் எத்தனை முறை பாடிப் பார்த்திருப்பாய், அந்தப் பாட்டு திரும்ப வரவில்லை. கடைசியில் மழையன்று பாடின குரலையே எடுத்து, இழுத்தும் சுருக்கியும் க்ளிக்குக்குள் அடக்கியிருக்கிறாய். உன் மைக்கில் விழுந்த அவள் சத்தத்தைச் சுத்தம் செய்ய ஏதேதோ சாஃப்ட்வேர் போட்டிருப்பாய். முக்கால்வாசி போயிருக்கும். மிச்சம் உன் குரலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேகமாகிறாள் என்பதற்காக அவளை எடுத்தாய், அவள் வேகமானதால் வந்த குரலை வைத்துக்கொண்டாய். இதை ஒரு நாள் தனியாக உட்கார்ந்து யோசி, அவசரமில்லை. அவசரமெல்லாம் எனக்குத்தான்.

உன் பக்கமும் நியாயம் இருக்கிறது, நான் குருடி இல்லை. தாளம் ஓடினால் இந்தக் காலத்தில் நாலு பேர் சிரிப்பார்கள் என்று பயந்தாய். வருஷக்கணக்காக உழைத்த பாட்டு, ஒரு தப்புகூட இருக்கக் கூடாது என்று நினைத்தாய். அவளிடம் முன்பே சொல்லியிருந்தால் அவளே க்ளிக் போட்டு அடித்துப் பழகியிருப்பாள். சொல்ல உனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் தனித்தனியாக எடுத்து எடுத்து, யாரிடமும் எதையும் நேரில் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது உனக்கு. ஒருவன் தப்பினால் அவனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஸ்டூடியோவில் அது பெரிய சௌகரியம்தான். வீட்டில் ஒருத்தி ஓடினால் எல்லாரும் கொஞ்சம் ஓடத்தான் வேண்டும். நாளைக்கு உனக்கென்று ஒரு குடும்பம் வரும்போதும் இதை ஞாபகம் வைத்துக்கொள். புத்திமதி இவ்வளவுதான், இதற்குமேல் சொல்ல எனக்கும் தெம்பு இல்லை.

ஜெனியிடம் கேட்டுவிட்டேன். அண்ணன் வந்தால் வாசிப்பாயா என்று. திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடி வைத்தாள். பிறகு, "நான் குச்சியத் தட்டினா அவன் உள்ள வருவானான்னு தெரியல மம்மி" என்று எழுதினாள். அதைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். இம்ரானிடமும் சொல்லியாகிவிட்டது. "அவனக் கைய கால கட்டியாச்சும் இட்டாந்துடறேன் ஆன்ட்டி" என்று மெசேஜ் போட்டிருக்கிறான். கட்டி இழுத்து வர வேண்டாம். நீயாக வா. வேளச்சேரியில் பறக்கும் ரயிலில் ஏறினால் மந்தைவெளியில் இறங்கப்போகிறாய், அங்கிருந்து ஓர் ஆட்டோ.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்ததும். மாடி அறையைக் கூட்டிவிட்டேன். ட்ரம்ஸை ஜன்னல் பக்கம் நகர்த்தி, பெட்ஷீட்டை நானே எடுத்துவிட்டேன். உனக்கு அவள் முகம் தெரிகிற மாதிரி ஸ்டூல் போட்டிருக்கிறேன். மைக் ஸ்டாண்டுகளையெல்லாம் மடக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன், பதிவு கிடையாது. பிறகு கேட்பதற்காகத்தானே பதிவு செய்வது? எல்லாருக்கும் பிறகு கேட்க எடுத்துக் கொடுத்தேன். எனக்குப் பிறகு என்று ஒன்று இல்லையடா கண்ணா. நீங்கள் வாசிக்கும்போதே நான் கேட்டாக வேண்டும். பெரிய ட்ரம்முக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இடது காதை உன் பக்கம் வைத்துக்கொள்கிறேன். அவள் ஓடினால் நீயும் ஓடு. தப்பினாலும் நிறுத்தாதே, எனக்குத் தப்பு கேட்காது. அன்றைக்குக் கஃபேயில் நீ சொன்னது என்னவாக இருந்தாலும் சரி, அதை நான் கேட்கவே இல்லை.

வெளியில், பதிவு நடக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரியாது. மாடிக்கதவு சாத்தியிருந்தாலும் தாழ்ப்பாள் போட மாட்டேன். வந்து தட்டிக்கொண்டு நிற்காதே, எனக்குக் கேட்காது. நேரே உள்ளே வந்துவிடு.

மம்மி